கணக்கு உன் முறை, சமன்பாடு என் முறை

என் தங்க மதினி முனீஸ்வரிக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கை எழுத ஆரம்பிக்கிறது. செத்துப்போனவளிடம் அப்படிக் கேட்கலாமா கூடாதா, தெரியவில்லை. கேட்டுவிட்டேன், போ. நான் சுகமாக இல்லை. சுற்றி வளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது என்பதால் இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரியில் நான் மறுபடியும் பெயில்.

சிரிக்கிறாயா? சிரி. முன்பெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து பெயிலானோம், சேர்ந்து சிரித்தோம். இந்தத் தடவை நான் மட்டும் தனியாகப் பெயிலாகியிருக்கிறேன் மதினி. தனியாகப் பெயிலானால் சிரிப்பே வரமாட்டேன் என்கிறது.

வீட்டு நடப்பைக் கேள். தை பிறந்துவிட்டது. துக்க வீடு என்பதால் நாம் இந்த வருஷம் பொங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து கொடுத்தனுப்பினார்கள், வாங்கி வைத்தோம், பாதி மாட்டுக்குத்தான் போனது. மிளகாய்ச் செடி பூத்துப் பிஞ்சு விட்டிருக்கிறது. அண்ணன் காலையில் காட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறது. சோற்றில் உப்பே இல்லை என்றாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நீ இருந்தபோது உப்பு சரியாக இருந்தாலும் குறை சொல்லுகிற ஆள் அது, உனக்கே தெரியும். அம்மா என்னைக் கூப்பிட வாயெடுத்தால் "முனீசு" என்று உன் பெயர் வந்துவிடுகிறது. அப்புறம் அரை நாளைக்கு அவள் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

இனிச் சொல்லப் போவதில் பாதி உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் கதையை உட்கார்ந்து பேச இந்த வீட்டில் உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

நீ கல்யாணமாகி வந்த மறுநாள் ஊர்ப் பெண்கள் உன் டிரங்குப் பெட்டியைச் சூழ்ந்துகொண்டு சேலை பார்த்தார்களே, ஞாபகமிருக்கிறதா? சேலைகளுக்கு அடியில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகம் கிடந்தது. "ஏம்மா, ஒங்க ஊருப் பக்கம் சீர்வரிசையில புஸ்தகமும் வப்பாகளா?" என்று ஒருத்தி கேட்டாள். நீ தலையைக் குனிந்துகொண்டு, "அது ஒண்ணுலதான் பெயிலு. திருப்பி எழுதணும்னு எடுத்தாந்தேன்" என்றாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் புத்தகமும் அதே பாடம், அதே பெயில், பரண்மேல் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து உன் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பத்துப் பொருத்தமும் பாத்தோம். இந்தப் பொருத்தத்த ஒரு சோசியனும் சொல்லலையே! மகளும் பெயிலு, மருமகளும் பெயிலு. அதுவும் ஒரே பாடத்துல!"

உனக்கு வேலை எதுவும் வேண்டாம். "என்னையப் பெயிலாக்குனவுக மூஞ்சில பாஸுன்னு ஒரு தாளக் காட்டணும், அம்புட்டுத்தான்" என்பாய். எனக்கு டீச்சர் டிரெயினிங் போக வேண்டும். இந்த ஒரு பாடம் தேறாமல் அதற்கு விண்ணப்பம்கூட வாங்க முடியாது. மாமன் மகன் கருப்பையா ஒரு பக்கம் காத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போனால் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டே என் காலம் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அய்யாவை ஒத்துக்கொள்ள வைத்தது நீதான். மருமகள் கேட்டால் அய்யாவுக்கு மறுக்க வராது. சனிக்கிழமை தோறும் ராமநாதபுரத்து டுட்டோரியலுக்கு ரெண்டு பேரும் போகலாம் என்று ஆயிற்று. ஏர்வாடியிலிருந்து வருகிற பஸ், நாம் ஏறுகிற திருப்புல்லாணிக்கு வரும்போதே தர்காவுக்குப் போய்த் திரும்புகிறவர்களால் நிறைந்திருக்கும். நின்றுகொண்டேதான் போவோம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் நோட்டை விரித்துப் போன வாரத்து வீட்டுப்பாடத்தைச் சரிபார்ப்பாய். ஒரு பாய் வீட்டம்மா உன் புடவை முந்தானையை இழுத்து, "ஏம்மா, கல்யாணமானவதானே நீ, இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்டதற்கு, "பெயிலு படிப்பு ஆச்சி" என்றாய். அந்தம்மா சிரித்துக்கொண்டே ஒதுங்கி உனக்கு இடம் கொடுத்தார்.

முதல் சனிக்கிழமை சார் கொடுத்த வீட்டுப்பாடத்தைப் பார்த்து ரெண்டு பேருக்கும் கண்ணைக் கட்டியது. பாதி, சமன்பாடு சமன் செய்வது. பாதி, மோல் கணக்கு. எனக்குச் சமன்பாடு பிடிக்கும். அந்தப் பக்கம் எத்தனை பேர், இந்தப் பக்கம் எத்தனை பேர், பந்தியில் ஆளுக்கு ஓர் இலை விழுந்ததா என்று பார்க்கிற வேலை அது. கணக்கு என்றால் எனக்கு வேர்த்துவிடும். உனக்கு நேர் எதிர். அப்போது யார் முதலில் சொன்னது, நீயா நானா? எனக்கு ஞாபகமில்லை. முறை வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நம் வீட்டில் வளர்ந்தால் வேறெப்படித் தோன்றும்? ஊர்க் கண்மாயில் தண்ணீர் குறையக் குறைய, மேமடையில் இன்றைக்கு யார் வயலுக்கு, கீமடையில் நாளைக்கு யார் வயலுக்கு என்று முறை சொல்லுகிறவர் நம் அய்யா. வீட்டிலும் எல்லாம் முறைதான். ஆட்டுக்கல் ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். கிணற்றடி ஒரு நாள் நான், ஒரு நாள் நீ. அந்த வழக்கத்திலேயே கெமிஸ்ட்ரியையும் பங்கு போட்டுவிட்டோம். சமன்பாடு மேமடை, அது என் முறை. கணக்கு கீமடை, அது உன் முறை. அவரவர் பங்கை முடித்ததும் நோட்டை மாற்றி, ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்து எழுதிக்கொள்வோம். சார் ரெண்டு நோட்டிலும் முழுசாகச் சரி போட்டுத் தருவார். "அக்கா தங்கச்சி மாதிரி அச்சு அசலா எழுதியிருக்கீங்களேம்மா" என்று ஒரு நாள் சொன்னார். நாம் பெருமையாக உட்கார்ந்திருந்தோம்.

அந்த சாரையே நீ ஒரு நாள் திணற வைத்தாய். ஒரு லிட்டர் தண்ணீரில் இத்தனை கிராம் உப்பைக் கரைத்தால் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ எழுந்தாய்.

"எந்தத் தண்ணி சார்?"

"தண்ணின்னா தண்ணிதாம்மா."

"இல்ல சார், எங்கூருக் கெணத்துத் தண்ணின்னா அதுல ஏற்கெனவே உப்புக் கெடக்கும். அதையும் சேத்துக் கணக்குப் போடணுமா?"

பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். "புஸ்தகத்துல வார தண்ணி எல்லாம் நல்ல தண்ணிம்மா, ஒக்காரு" என்றார் சார். நீ உட்கார்ந்து என் காதில், "அப்ப இந்தப் புஸ்தகம் நம்ம பக்கத்துல எழுதுனது இல்ல, பஞ்சு" என்றாய். பஸ் ஏறும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மோலை நீ எனக்குச் சொல்லித்தராமல் இல்லை. மிளகாய் காய்கிற களத்தில் உட்கார்ந்து சொன்னாய். "மோலுன்னா என்னமோ பேயி பிசாசுன்னு நெனைக்காத. படின்னு வச்சுக்க. நெல்லுலயும் ஒரு படி, மொளகாயிலயும் ஒரு படி. படி ஒண்ணுதான். நிறுத்துப் பாத்தாத்தான் எடை வேற வேற." நான் காம்பு கிள்ளிக்கொண்டே 'ம்' கொட்டினேன். எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், அது உன் முறைதானே என்று இருந்துவிட்டேன். நீயும் என் சமன்பாட்டை அப்படித்தானே கேட்டாய்? கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டாய், எனக்குத் தெரியாதா!

பரீட்சையில் நடந்தது உனக்குத் தெரியும். நான் சமன்பாட்டை எழுதிவிட்டுக் கணக்கை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து நீ கணக்கைப் போட்டுவிட்டுச் சமன்பாட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். ரெண்டு பேருக்கும் பாதி வயலுக்குத்தான் தண்ணீர் பாய்ந்திருந்தது. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் பன்னீர் சோடா குடித்துக்கொண்டே நீ சொன்னாய்: "நாம ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா பாஸு, பஞ்சு." எனக்கு சோடா மூக்கில் ஏறிவிட்டது.

அப்படியும் நமக்குப் புத்தி வந்ததா? அடுத்த மார்ச்சிலும் அதையேதான் செய்தோம். நம் முறையை மாற்ற எனக்கு மனசு வரவில்லை மதினி. நீ கணக்குப் போடும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சுகத்துக்குத்தான் நான் பெயிலானேன் என்று இப்போது தோன்றுகிறது.

ரெண்டாம் தடவையும் போனதும் அய்யா நம் ரெண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னார். "ஆளுக்கு இன்னும் ஒரு தடவை. அதுலயும் தேறலைன்னா புஸ்தகத்தப் பரண்ல போட்டுட்டு அவுகவுக சோலியப் பாருங்க. பஞ்சுக்குக் கருப்பையா வீட்டுல பரிசம் போட்டுருவோம்." நீ என் கையைக் கிள்ளினாய். அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம்.

ஆடியில் உனக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அது கேட்கவில்லை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அன்றைக்குச் சனிக்கிழமை. வண்டியில் ஏற்றும்போது உன் கண் மஞ்சள் மஞ்சளாக இருந்தது. நீ என்ன கேட்டாய்? வீட்டுப்பாடம் கேட்டாய். "இந்த வாரம் என் முறையயும் நீ பாத்துக்க. அடுத்த வாரம் ரெண்டையும் நான் பாக்குறேன்" என்றாய். சரி என்றேன். அடுத்த வாரம் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உனக்கும் தெரிய வேண்டாம்.

முப்பதாம் நாள் கழிந்ததும் அம்மாதான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள். "வீட்டுல ஒக்காந்து மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்காத. போயிட்டு வா" என்றாள். டுட்டோரியலில் நம் பெஞ்சில் உன் இடத்தில் யாரையும் உட்காரவிடாமல் பையை வைத்துக்கொண்டேன். சார் கொடுத்ததை வீட்டில் வந்து எழுதினேன். அடுத்த சனிக்கிழமை நோட்டைப் பார்த்த சார், பாதிப் பக்கம் வெறுமையாக இருப்பதைக் காட்டினார்.

"சமன்பாடு எல்லாம் சரியா இருக்கு. கணக்கு எங்கம்மா?"

"அது எங்க மதினி முறை சார்."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வகுப்பில் ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள். சாருக்கு நீ போன விஷயம் தெரியாது. "முறையா? அப்ப இத்தன நாளா ரெண்டு பேரும் பாதிப் பாதிதான் போட்டீங்களா? கூப்பிடு அந்தப் பொண்ண!" என்று சத்தம் போட்டார். பின் பெஞ்சில் இருந்த நம் ஊர்ப் பையன்தான் எழுந்து, "அந்தக்கா செத்துப்போச்சு சார்" என்றான். சார் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை.

புரட்டாசியில் தபால்காரர் ரெண்டு ஹால் டிக்கெட் கொண்டு வந்தார். விண்ணப்பம் போடும்போது நீ இருந்தாயே, உனக்கும் வந்துவிட்டது. அடுத்தடுத்த நம்பர். படத்தில் நீ திருட்டுமுழி முழித்துக்கொண்டிருந்தாய். அம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் ரெண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

அன்றைக்குத்தான் எனக்குச் சுள்ளென்று உறைத்தது. இனி உன் முறை என்று ஒன்று கிடையாது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் நோட்டில், என் கையெழுத்தில், எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது. ஒரு வரிகூட எனக்கு விளங்கவில்லை. நூறு எங்கிருந்து வந்தது, ஐம்பத்தாறு எங்கிருந்து வந்தது? என் கையே எழுதியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இப்படிக்கூட ஒருத்தி தன் எழுத்தையே அந்நியமாகப் பார்ப்பாளா? உன்மேல் கோபம் வந்தது. பாதியில் விட்டுப் போனதற்கு வாய்விட்டுத் திட்டினேன்.

திட்டி முடித்துவிட்டுக் களத்துக்குப் போனேன். நீ சொன்னதை அப்படியே செய்து பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு படி நெல்லை அளந்து தராசில் வைத்து நிறுத்தேன். ஒரு படி வற்றலை அளந்து நிறுத்தேன். அப்புறம் அரைப் படி. அப்புறம் கால் படி. அம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னாடி பண்ற? யாருக்கு நிறுக்குற?"

"யாருக்கும் இல்லம்மா. மதினி கணக்குப் பாக்குறேன்."

"இதுவும் கிறுக்காகிப் போச்சா!" என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவளே வற்றலை அள்ளிப் படியில் தட்டித் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு படி நூறு கிராம் என்று வைத்தேன். அதைச் சுட்டால் வருகிற சுண்ணாம்புக்கு ஒரு படி ஐம்பத்தாறு கிராம். அரைப் படி கல்லைச் சுட்டால் அரைப் படி சுண்ணாம்பு. அப்படியானால் ஐம்பதுக்கு இருபத்தெட்டு. நோட்டில் பார்த்தேன். இருபத்தெட்டு என்றுதான் நீ போட்டிருந்தாய். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினால் நீ வரமாட்டாய் என்பதால் அழுதேன். அம்மாவுக்கு எதற்கு அழுகிறேன் என்று புரியவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள்.

அதற்கப்புறம் பரீட்சை வரைக்கும் உன் பங்கைத் தவிர வேறெதையும் நான் தொடவில்லை. ஆடு மேய்ந்தாலும் கணக்கு, அடுப்பு எரிந்தாலும் கணக்கு. சார் புதிதாகக் கொடுத்ததை எல்லாம் போட்டேன். தப்பு வரும், திட்டுவார், திரும்பப் போடுவேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தப்புக் குறைந்தது.

பரீட்சை அன்றைக்கு எனக்கு முன் மேஜையில் உன் நம்பர் ஒட்டியிருந்தது. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் அந்த இடத்திலும் வினாத்தாளை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு வரலையா? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"எங்க மதினிதான் டீச்சர். வரமாட்டாக."

"ஏன், பயந்துட்டாங்களா?"

"ஆமா டீச்சர்" என்றேன். மன்னித்துக்கொள் மதினி. நீ பயந்தவள் இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வாயைத் திறந்திருந்தால் நான் அன்றைக்குப் பரீட்சை எழுதியிருக்கமாட்டேன். டீச்சர் சிவப்பு மையில் எதையோ எழுதிக்கொண்டு அந்த வினாத்தாளை எடுத்துப்போய்விட்டார். வெறும் மேஜையைப் பார்க்கக்கூடாது என்று குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை.

கணக்கு அத்தனையும் போட்டேன். சோடியம் கார்பனேட் பத்து புள்ளி ஆறு கிராம், கரைசல் அரை லிட்டர், மோலாரிட்டி என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒரு படிக்கு நூற்றாறு. இது அதில் பத்தில் ஒன்று. அரை லிட்டரில் அவ்வளவு என்றால் ஒரு லிட்டரில் ரெண்டு மடங்கு. புள்ளி ரெண்டு. நீ போட்டாலும் அதுதான் வந்திருக்கும்.

அப்புறம் சமன்பாட்டுக்கு வந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

என் மேமடை, மதினி! என் சொந்தப் பங்கு! தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் சமன்பாடு, அமிலத்துக்கு முன்னால் பதினாறு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேனே, அதில் பதினாலு என்று எழுதிவிட்டு வந்தேன். உன் பங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கியதில் என் பங்கு வறண்டு போய்விட்டது. வெளியில் வந்து நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் தேடினேன். பஸ் ஸ்டாண்டு முழுக்க ஆட்கள், எனக்கு ஒருவரும் இல்லை. பன்னீர் சோடா வாங்கவில்லை.

கார்த்திகையில் பேப்பரில் ரிசல்ட் வந்தது. என் நம்பர் இல்லை. உன் நம்பரையும் ஒரு தடவை பார்த்தேன், எதற்கு என்று கேட்காதே. அய்யா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கருப்பையா வீட்டிலிருந்து தட்டோடு எப்போது வரலாம் என்று சொல்லியனுப்பினார்கள். தை பாதியில் வரச் சொல்லலாம் என்று வீட்டில் பேச்சானது.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அண்ணனுக்குப் பெண் பார்க்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே, அண்ணன் கேட்கவில்லை. "வருசம் திரும்பட்டும்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னது. அம்மாதான் பார்க்கிறாள். தரகர் வந்து பெண்ணின் குணம், நகை, நிலம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே போய், "பொண்ணு எதுல பெயிலு?" என்று கேட்டுவிட்டேன். தரகர் திகைத்துப்போய், "பொண்ணு ஏழாப்போட நின்னுருச்சு தாயி, பெயிலெல்லாம் ஆகலை" என்றார். அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். வருகிறவள் நல்லவளாக இருக்கட்டும். ஆனால் அவளை மதினி என்று கூப்பிட எனக்கு எவ்வளவு நாளாகுமோ.

போன வாரம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அய்யா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் முறை விஷயமாக ஆட்கள் வந்திருந்தார்கள். கீழத்தெரு இருளாயி அக்காவின் புருஷன் மார்கழியில் தவறிப்போனார். அவர் முறை வருகிற நாளில் பக்கத்து வயல்காரர் மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாராம். "ஆளே இல்லாதப்ப முறை எதுக்குங்கிறேன்? தண்ணி வீணாத்தான போகும்?" என்று அவர் வாதாடினார். இருளாயி அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றிருந்தது.

அய்யா சொன்னார்: "ஏலே, ஆளு போனா முறையும் கூடவே போயிருமா? அது அந்த வீட்டு முறை. அந்த வீட்டுல யாரு மம்பட்டியத் தூக்குறாகளோ அவுகளுக்குப் பாயும். நாளைக்கு இருளாயிதான் மடையத் தெறக்கும். நீ அங்கன நிக்கப்பிடாது."

நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. முறத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். ஆம்பிளைகள் பேசுகிற இடத்தில் நான் என்றைக்கு மதினி வந்து நின்றிருக்கிறேன்?

"அய்யா, எனக்கு ஒரு முறை வேணும்."

"ஒனக்கு என்ன முறை?"

"ஆளுக்கு இன்னும் ஒரு தடவைன்னு சொன்னீகள்லய்யா. என் தடவைய நான் எழுதிட்டேன். பெயிலுதான், இல்லைங்கலை. மதினி தடவை அப்படியே கெடக்கு. அவுக எழுதவே இல்ல. அது இந்த வீட்டு முறைதானய்யா?"

அய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இருளாயி அக்காதான், "புள்ள கேக்குறது ஞாயந்தானய்யா" என்றது. மடையைத் திருப்பின அந்த ஆள்கூடத் தலையை ஆட்டினார்.

துண்டை இறக்கியபோது அய்யாவுக்குக் கண் சிவந்திருந்தது. "மார்ச்சு பரிச்சைக்கு அப்ளிகேசன் எப்பப் போடணும்?" என்று கேட்டார். சொன்னேன். "கருப்பையா வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ சனிக்கெழம பஸ்ஸ விட்டுறாத" என்றார். அதற்குமேல் என்னைப் பார்க்க அவரால் முடியவில்லை. கண்மாய்ப் பக்கம் எழுந்து போய்விட்டார்.

நேற்று விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன். இந்தத் தடவை ஒரே ஒரு விண்ணப்பம். அதில் என் பெயர், என் படம். ஆனால் எழுதப் போகிற தடவை உன்னுடையது, அய்யாவே சொல்லாமல் சொன்னது. இதில் நான் பெயிலானால் பெயிலாவது நீயும்தான், அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. எனக்குத் துணை வேண்டும் மதினி. பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவியாவது விட ஒரு ஆள் வேண்டும். அது கிடைக்காது என்று தெரிந்துதான் எழுதப் போகிறேன்.

பாஸாவேன் என்று உன்னிடம் சத்தியம் செய்யமாட்டேன். பதினாறைப் பதினாலு என்று எழுதுகிறவள் என்ன சத்தியம் செய்வது? இதை மட்டும் சொல்கிறேன். இனி ஒரு கணக்கையும் யாரையும் பார்த்து எழுதமாட்டேன். சமன்பாட்டையும் நானே எழுதுவேன், கணக்கையும் நானே போடுவேன், தப்பாக வந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் பழக்க தோஷத்தில் "சரியா மதினி?" என்று கேட்டுவிடுவேன். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. சரியா தப்பா என்று நானே பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் முறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருக்கும் நாத்தனார்
பஞ்சு